கேரிஸின் தொண்டைக்கு ஓர் அர்ச்சனை

1

போன ஞாயிற்றுக்கிழமை வவுனியாவில் இருந்து என் தம்பியின் மகள் வானதி ரெலிபோனில் கதைத்தாள். ஒரு கடையில் வரிசையில் நின்று எடுத்த அழைப்பு. தகப்பன் கதைத்து, தாய் கதைத்து, கடைசியில்தான் அவளிடம் கொடுத்தார்கள். கொடுத்த உடனே கேட்டாள்:

"பெரியப்பா, தாரணி அக்கா ஏன் ஒரு இடத்தில நிக்கிறா இல்லை? ஒவ்வொரு முறையும் வேற வேற ஊர் சொல்லுறியள். அக்காவுக்கு வீடு இல்லையோ?"

நான் வாயைத் திறக்க முன்னர் லைன் அறுந்து போனது. அன்று முழுக்க அந்தக் கேள்வியோடு வீட்டுக்குள் நடந்து திரிந்தேன். அடுத்த நாள் வேலையில், பெற்றோல் ஸ்ரேசன் கல்லாவில் நின்றபடி ஒருவருக்கு மிச்சக் காசு கொடுக்காமலே அனுப்பிவிட்டேன். அவர் திரும்பி வந்து ஏசினார். சரி, எழுதியே சொல்லிவிடுவோம் என்று இருக்கிறேன். தம்பிக்கு அதை அறிவிக்க, வானதியின் ரீச்சர் இதை வகுப்பில் வாசிப்பதாகச் சொன்னவராம். ஆகவே பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள். நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். பிழை இருந்தால் ரீச்சர் திருத்தி வாசிப்பார்.

தாரணி எங்கள் ஒரே மகள். அவளுடைய தொழில் ஒப்பராவில் பாடுவது. ஒப்பரா என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? நம்முடைய கூத்து மாதிரித்தான். கதை முழுவதும் பாட்டிலே நடக்கும். கோபம் வந்தாலும் பாட்டு, கடிதம் வந்தாலும் பாட்டு, கத்திக்குத்து வாங்கினாலும் விழ முன்னர் ஒரு பாட்டு. மேடைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் வாத்தியக்காரர் கூட்டமாக இருந்து வாசிப்பார்கள். மைக் கிடையாது. பாடுகிறவரின் குரல் அத்தனை வாத்தியத்தையும் தாண்டிக் கடைசி வரிசையில் மலிவு ரிக்கெற்றில் இருப்பவருக்கும் போய்ச் சேர வேண்டும். பெண் குரல்களில் மிக உயரத்தில் பாடுகிறவளுக்குச் சொப்ரானோ என்று பெயர். என் மகள் ஒரு சொப்ரானோ.

அவள் இருக்கும் கொம்பனி ஊர் ஊராகப் போகிற கொம்பனி. உடுப்பும் திரைச்சீலையும் இரண்டு லொறியில் போகும். ஆட்கள் பஸ்ஸில் போவார்கள். ஒரு ஊரில் மூன்று மாலை, அடுத்த ஊரில் இரண்டு மாலை. அதனால்தான் வானதி, உன் அக்கா ஓரிடத்தில் நிற்பதில்லை. வீடு இருக்கிறது. லண்டனில், தோர்ண்டன் ஹீத் என்ற இடத்தில், புகையிரதப் பாதைக்குப் பக்கத்தில். அந்த வீட்டில் அவளுடைய கட்டில் இருக்கிறது. அவள்தான் இருப்பதில்லை.

2

ஊரில் நான் பஸ் கொண்டக்டர். யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருந்தவன். ஆனால் எத்தனை தடவை ஓடினாலும் பொழுதுபட வீட்டுக்கு வந்துவிடுவேன். வழியில் எங்காவது ஆமி மறித்து பஸ் பிந்தினால் என் மனைவி பரமேஸ் படலையைப் பிடித்தபடி றோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "ஏன் இப்படி நிற்கிறாய், உள்ளே போய் இருக்கலாமே" என்று அப்போது அவளைப் பகிடி பண்ணியிருக்கிறேன். இப்போது நான் ரேடியோவில் வானிலை கேட்கிறேன். தாரணி நிற்கிற நியூகாசிலில் பனி என்றால் அடுத்த செய்தி வரைக்கும் ரேடியோவை விட்டு எழும்பமாட்டேன்.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு நாங்கள் லண்டனுக்கு வந்தபோது தாரணி சின்னப்பிள்ளை. இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துக் கொஞ்ச நாளில், வந்து சந்திக்கும்படி பாட்டு ரீச்சர் கடிதம் அனுப்பினார். அகதியாக வந்தவர்களுக்கு யார் கூப்பிட்டாலும் ஒரே நினைவுதான்: ஏதோ பேப்பரில் பிழை. நான் வீட்டிலிருந்த எல்லாக் கடுதாசிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். குடிவரவுக் கந்தோர்க் கடிதம், பிறப்புச் சாட்சிப் பத்திரம், தடுப்பூசி மட்டை, வீட்டு வாடகைத் துண்டு எல்லாம். ரீச்சரின் மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். அவர் பயந்து போனார்.

"இல்லை, இல்லை. உங்கள் மகளிடம் ஒரு குரல் இருக்கிறது" என்றார்.

எனக்கு அந்த நேரம் இருந்த இங்கிலீஷில் அது முறைப்பாடு மாதிரித்தான் விளங்கியது. "சொறி மிஸ். இனிச் சத்தம் போடமாட்டாள். நான் வீட்டில் சொல்லுகிறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். பக்கத்தில் நின்ற தாரணி வெட்கத்தில் சுவரைப் பார்த்தாள். அந்தக் கதையை அவள் இப்போது ஊருக்கு ஊர் சொல்லிச் சிரிக்க வைக்கிறாளாம்.

அந்த ரீச்சர் விடவில்லை. பள்ளிக்கூடம் முடிந்த பிறகும் வைத்துப் பழக்கினார். பிறகு ஒரு சங்கீதக் கல்லூரிக்குப் பரீட்சை எழுதவைத்தார். சம்பளம் கட்டாமலே படிக்க இடம் கிடைத்தது. இத்தாலிய மொழி, ஜெர்மன் மொழி, மூச்சு எடுக்கிற விதம், மேடையில் நடக்கிற விதம், நோகாமல் விழுகிற விதம் எல்லாம் படித்தாள். தமிழ் மட்டும் மெல்ல மெல்லக் கழன்றது. இப்போதும் எங்களோடு தமிழில்தான் கதைப்பாள். ஆனால் கோபம் வந்தால் இங்கிலீஷ், கணக்குப் பார்த்தால் இங்கிலீஷ். நித்திரையில் புலம்பினால் எந்த மொழி என்று கேட்க அவள் வீட்டில் நிற்பதில்லை.

3

எங்கள் தெருமுனையில் தமிழ்க்கடை வைத்திருப்பவர் இராசதுரை அண்ணை. முருங்கைக்காயும் ஊரில் நடக்கிற புதினமும் அங்கேதான் எடுப்போம். தாரணி கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கேட்டார்.

"தம்பி, பிள்ளை என்ன படிக்கிறாள்?"

"பாட்டு, அண்ணை."

"அது சரி. படிப்பு என்ன?"

"அதுதான் படிப்பு."

அவர் முருங்கைக்காயை நிறுத்துப் போட்டுவிட்டு, "ஓம், ஓம். அதோட சேர்த்து எக்கவுண்ட்ஸும் செய்விக்கலாம்தானே" என்றார். எனக்காகத் துக்கப்பட்டு இரண்டு முருங்கைக்காய் கூடவும் போட்டார்.

வீட்டிலும் அமைதி இல்லை. அமைதி இல்லை என்று சொல்வதும் பிழை. அமைதிதான் பிரச்சினையாக இருந்தது. பெரிய பாட்டுப் பாட இருக்கும் நாளுக்கு முதல் நாள் இந்தப் பாடகர்கள் வாயே திறக்கமாட்டார்கள். குரலுக்கு ஓய்வு. இரகசியமாகக் குசுகுசுத்தாலும் தொண்டைக்குக் கெடுதியாம். மாதக்கணக்காகச் சுற்றிவிட்டு வீட்டுக்கு ஒரு நாள் வருவாள், அந்த ஒரு நாளும் ஊமை. தேத்தண்ணி வேண்டுமா என்றால் தலையாட்டுவாள். பரமேஸுக்குத் தாங்கவில்லை.

"எங்களோட கதைக்காமல் மிச்சம் பிடிச்சு வைச்சு வெள்ளைக்காரருக்குப் பாடுறாய் என்ன?"

தாரணி எழும்பிப் போய்த் தாயின் கன்னத்தில் கொஞ்சிவிட்டு வந்து இருந்தாள். அதற்கும் சத்தம் இல்லை.

4

வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அந்தத் தொழில் வெளிச்சமாகத் தெரியும். உள்ளே வேறு. மலிவான விடுதி அறை, ஈரச் சுவர், ஆறிப்போன சாப்பாடு. கொம்பனி ஒல்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் போன காலத்தில் மற்ற எல்லாரும் பாஸ்போட்டைக் காட்டிவிட்டுக் கப்பலில் ஏறுவார்கள். எங்களுக்கு அப்போது பாஸ்போட் இல்லை. நாடில்லாதவர்களுக்குக் கொடுக்கிற ஒரு பயணப் புத்தகம்தான் இருந்தது. அதில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி விசா குத்த வேண்டும். விடிய எழும்பி எம்பசி வாசலில் அவளோடு நானும் வரிசையில் நிற்பேன்.

"என்ன தொழில்?" என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் ஒரு முறை கேட்டார்.

"பாடகி."

"என்ன பாட்டு?"

அவள் சொன்னாள். அவர் அவளை ஒரு முறை, புத்தகத்தை ஒரு முறை பார்த்தார். நம்பவில்லை. "பாடிக் காட்டுங்கள்" என்றார். பகிடிக்குத்தான் கேட்டாரோ தெரியாது. தாரணி நின்ற இடத்தில் நின்று பாடினாள். வரிசை முழுக்கத் திரும்பியது. காவலாளி ஓடி வந்தார். விசா கிடைத்தது, ஆனால் பிந்திக் கிடைத்தது. கொம்பனி போய்விட்டது. அவள் தனியாக ஒரு பெட்டியோடு அடுத்த கப்பலில் பின்னால் போனாள்.

இவ்வளவு கஷ்டமும் எதற்கு என்றால், பெரிய பாத்திரத்துக்கு அல்ல. அப்போது அவள் கூட்டத்தில் நின்று பாடுகிறவள். அதோடு இன்னொரு வேலையும் இருந்தது. உங்களுக்குக் கிரிக்கெற் தெரியும்தானே? பன்னிரண்டாவது ஆள் ஒருவன் இருப்பான். வெள்ளை உடுப்புப் போட்டிருப்பான், எல்லாப் பயிற்சியும் எடுத்திருப்பான், ஆனால் தண்ணீர் கொண்டு ஓடுவதுதான் வேலை. விளையாடுகிற ஒருவன் காயப்பட்டால் மட்டும் உள்ளே போவான். ஒப்பராவிலும் பிரதான பாத்திரத்துக்கு அப்படி ஒரு மாற்றுப் பாடகி இருப்பாள். முழுப் பாட்டும் அவளுக்கு மனப்பாடம். எந்தக் கதவால் வருவது, எந்தக் கதிரையில் இருப்பது, எங்கே செத்து விழுவது எல்லாம் தெரியும். ஒவ்வொரு மாலையும் ஆயத்தமாக இருக்க வேண்டும். பிரதான பாடகிக்கு முடியாமல் போனால் மட்டுமே அவள் மேடைக்கு வருவாள். தாரணி அந்த மாற்றுப் பாடகி. மூன்று சுற்றுப்பயணம் முடிந்தது. ஒரு மாலைகூட அவளுக்கு வரவில்லை.

கொம்பனியில் யாரும் அவளைப் பிரதான பாத்திரத்தில் கேட்டதில்லை. கேட்காதவர்கள் எப்படிப் பாத்திரம் கொடுப்பார்கள்? பாத்திரம் கொடுக்காமல் எப்படிக் கேட்பார்கள்? கடைசியில் தாயும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இந்தச் சுற்று லண்டனில் முடியும். முடியும்போது அடுத்த வருடத்துக்குப் பாத்திரம் ஒன்றும் கிடைக்காவிட்டால், தாரணி இதை விட்டுவிட்டுக் கவுன்சிலிலோ எங்கோ ஒரு நிரந்தர வேலை பார்ப்பாள். சமையலறையில் நின்று சொன்னாள்.

"ஓகே அம்மா. லண்டனோட முடிஞ்சுது எண்டால் முடிஞ்சுது."

சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. எனக்கு அந்த உடன்பாடு பிடித்திருந்ததா, பிடிக்கவில்லையா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று ஒரு மனம். வந்தால் அந்தக் கட்டிலில் எப்படிப் படுப்பாள் என்று இன்னொரு மனம்.

5

பிரதான பாடகியின் பெயர் கேரிஸ். வேல்ஸ் நாட்டு மாட்டுப்பண்ணை ஒன்றில் பிறந்தவள். தாரணியை விடச் சில வயது மூத்தவள். ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டாள். கையால்தான் சாப்பிடுவேன் என்று நின்றாள். சொதி முழங்கை வரைக்கும் ஓடியது. பரமேஸுக்கு அவளை நன்றாகப் பிடித்துப் போனது. "எவ்வளவு வெள்ளை மனம். எங்கட பிள்ளையைத் தங்கச்சி மாதிரிப் பாக்கிறாள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அந்த உடன்பாட்டுக்குப் பிறகு பரமேஸ் வெள்ளிக்கிழமை விரதம் தொடங்கினாள். தோர்ண்டன் ஹீத்தில் இருந்து வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போவதென்றால் லண்டனின் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்குப் போவது. ரெயின், பாதாள ரெயின், பஸ் என்று மாறி மாறி, வெறும் வயிற்றோடு போய் வருவாள்.

"என்ன நேர்த்திக்கடன்?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்குத்தான்."

"என்ன கேட்டனீ?"

"அம்மாளாச்சிக்கும் எனக்கும் இடையில உங்களுக்கு என்ன வேலை?" என்றாள்.

6

லண்டனுக்குக் கொம்பனி வந்தது. தென் லண்டனில் ஒரு பழைய தியேட்டர். அந்தக் கிழமை தாரணி வீட்டிலே நின்று போய் வந்தாள். கடைசி நாளுக்கு முதல் நாள் காலை ரெலிபோன் அடித்தது. அவள்தான் எடுத்தாள். கேட்டுக்கொண்டே படிக்கட்டில் மெல்ல இருந்தாள். வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"கேரிஸுக்கு ஏலாதாம். தொண்டை அடைச்சுப் போச்சாம். இண்டைக்கு நான் பாட வேணும்."

நான் கையைத் தட்டினேன் என்று நினைக்கிறேன். பிறகுதான் பரமேஸைப் பார்த்தேன். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. தாரணி மேலே ஓடிய பிறகு என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"இஞ்சருங்கோ, நான்தான் செய்தனான்."

"என்னத்தை?"

"எங்கட பிள்ளைக்கு அந்த இடம் ஒரு நாளாவது கிடைக்க வேணுமெண்டு கேட்டனான். கேக்கேக்கை எனக்கு விளங்கேல்லை. அவளுக்குக் கிடைக்கிறதெண்டால் மற்றப் பிள்ளை விழ வேணும்தானே? நான் அந்தப் பிள்ளைக்கு நோய் வருத்தம் கேட்டிருக்கிறன். என்ர வீட்டில கைநனைச்ச பிள்ளைக்கு!"

"சும்மா இரு. தடிமன் எல்லாருக்கும் வரும்."

"நான் நேர்த்தி முடிக்கிற கிழமையிலயோ வரும்?"

சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். கோயிலுக்குப் போய் கேரிஸின் பெயரில் அர்ச்சனை செய்ய வேண்டுமாம். அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டும். மேலே போய்க் கதவைத் தட்டினாள்.

"பிள்ளை, கேரிஸ் எப்ப பிறந்தவ? என்ன நேரம்?"

"அம்மா! நான் இண்டைக்குப் பாடப் போறன். நீங்கள் கேரிஸின்ர பேர்த்டே கேக்கிறியள்!"

கடைசியில் நான்தான் கேரிஸ் தங்கியிருந்த விடுதிக்கு ரெலிபோன் எடுத்தேன். கரகரவென்று ஒரு குசுகுசுப்பு வந்தது. என் மனைவி உங்களுக்காகக் கோயிலுக்குப் போகிறாள், பிறந்த நாளும் நேரமும் வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அதே குசுகுசுப்பில் தேதியைச் சொன்னாள். நேரம் தெரியாதாம். காலையில் பால் கறந்துவிட்டு அப்பா உள்ளே வர, தான் பிறந்திருந்ததாகச் சொன்னாள்.

ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, வேல்ஸில் பால் கறக்கிற நேரத்தை மதிப்பிட்டு, உத்தரட்டாதி என்று முடிவு கட்டினாராம்.

"கோத்திரம்?" என்று கேட்டாராம்.

"வேல்ஸ், ஐயா."

"அப்ப சிவகோத்திரம் எண்டு சொல்லுவம்."

பரமேஸ் திருநீற்றைக் கடுதாசியில் மடித்துக்கொண்டு பின்னேரம் நேரே தியேட்டர் வாசலுக்கு வந்தாள். எங்களுக்குக் கொம்பனி இரண்டு ரிக்கெற் தந்திருந்தது. உள்ளே வரமாட்டேன் என்று நின்றாள்.

"அந்தப் பிள்ளை படுக்கையில கிடக்க நான் இருந்து கைதட்டுறதோ? என்னால ஏலாது. நீங்கள் பாத்திட்டு வாங்கோ. இதைத் தாரணியிட்டக் குடுத்து, கேரிஸ் தொண்டையில பூசச் சொல்லுங்கோ."

இத்தனை வெள்ளியும் எதற்காகக் கோயிலுக்கு நடந்தாளோ, அதற்கு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனாள். பஸ் நிறுத்தத்தை நோக்கி அவள் நடந்து போனதைப் பார்த்தபடி நான் உள்ளே போவதா பின்னால் போவதா என்று நின்றேன். மணி அடித்தது. உள்ளே போனேன்.

7

விளக்கு அணைகிற நேரம் பரமேஸின் கதிரையில் யாரோ வந்து இருந்தார்கள். கழுத்தில் பெரிய சால்வை. பார்த்தால் கேரிஸ்! என் கையைப் பிடித்து அமுக்கினாள். தன் தொண்டையைக் காட்டி, கதைக்க முடியாது என்று தலையசைத்தாள். நான் திருநீற்றைக் கொடுத்து, மனைவி காலையில் இருந்து சாப்பிடாமல் கோயிலில் நின்று கொண்டுவந்தது, பூசினால் சுகம் வரும் என்று சொன்னேன். அவள் கடுதாசியை விரித்துப் பார்த்தாள். கண் நிறைந்து விட்டது. பாவம், தன் இடத்தில் இன்னொருத்தி பாடப்போகிறாளே என்ற துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். விரலால் தொட்டுச் சால்வைக்குள் கையை விட்டுத் தொண்டை முழுவதும் பூசினாள்.

திரை விலகியது. அந்தக் கதையில் சொப்ரானோ ஒரு கடற்கரை வெளிச்சவீட்டுக் காவற்காரனின் மகள். எங்கள் மகள் படிகளில் இறங்கி வந்தாள். பிள்ளைகளே, நான் பாட்டைக் கேட்டேன் என்று சொன்னால் அது பொய். நான் அவளுடைய கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கேரிஸின் உதடு சத்தமில்லாமல் ஒவ்வொரு சொல்லையும் பாடியது. தாரணி மூச்சு எடுக்கிற இடத்தில் கேரிஸும் மூச்சு எடுத்தாள். ஓர் இடத்தில் என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தாள். மேடையில் தாரணி குரலை ஏற்றிக்கொண்டே போனாள். இன்னும் போனாள். அங்கே நின்றாள். பள்ளத்தில் வாத்தியங்கள் எல்லாம் அவளைப் பார்த்துக் காத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு மெல்ல இறங்கினாள். கேரிஸ் என் கையை விட்டாள்.

கடைசியில் தாரணி மேடையில் செத்து விழுந்தாள். அதைப் பார்க்கமாட்டாமல் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எல்லாரும் எழும்பி நின்றார்கள். எல்லாருக்கும் முதல் எழும்பியது கேரிஸ். இரண்டு கையையும் வாயருகில் குவித்து, "பிராவா!" என்று ஒரு சத்தம் போட்டாள். மணி அடித்த மாதிரி ஒரு குரல். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு மயிர் கூச்செறிந்தது. வீட்டுக்கு ஓடிப் போய்ப் படலை திறக்க முன்னரே கத்தினேன்.

"பரமேஸ், உன்ர திருநீறு வேலை செய்திட்டுது! அந்தப் பிள்ளைக்குத் தொண்டை திறந்திட்டுது!"

பரமேஸ் குந்தியிருந்து அழுதாள். அழுது முடித்த பிறகுதான், "எங்கட பிள்ளை எப்பிடிப் பாடினவள்?" என்று கேட்டாள்.

அடுத்த வருடத்துக்குத் தாரணிக்குப் பிரதான பாத்திரம் கொடுத்தார்கள். திருநீற்றுக் கதை தோர்ண்டன் ஹீத் முழுவதும் பரவியது. இராசதுரை அண்ணை தன்னுடைய மருமகனின் ரொன்சில் வீக்கத்துக்கு அதில் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

8

இவ்வளவும் போன வருடக் கதை. இப்போது தாரணி பிரதான பாடகி. கேரிஸ் ஒரு பெரிய கொம்பனிக்குப் போய்விட்டாள். நான் இன்னும் வானிலை கேட்கிறேன். பாத்திரம் பெரிதாக ஊர்கள்தான் கூடின.

போன மாதம் லீட்ஸில் இருந்து எடுத்தாள். எங்கள் வீட்டுப் போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாருக்கும் கேட்கும். சாப்பாடு, குளிர், சொக்ஸ் என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகு பரமேஸ் கேட்டாள்.

"இப்ப உன்ர இடத்துக்கு மாத்து ஆர்?"

"ரூத் எண்டு ஒரு பிள்ளை. நல்ல பிள்ளை. பாவம், ரெண்டு வருசமா நிக்கிறாள். இந்த முறையோட விட்டிட்டு வீட்டை போகப் போறாளாம்."

பரமேஸ் என்னைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியைப் பார்த்தாள்.

"அவளுக்குத் தாய் இருக்கிறாவோ?"

"ஓம். ஏன்?"

"கழுத்தைச் சுத்திக் கட்டிக்கொண்டு திரி பிள்ளை. அந்தத் தாய் கும்பிட்டுக்கொண்டிருப்பா."

"என்ன அம்மா கதைக்கிறியள்?"

"எனக்குத் தெரியும். நானும் கும்பிட்டனான்." அவள் நேர்த்தி முழுவதையும் சொன்னாள். தன் மகளுக்குச் சொல்லாமல் ஒரு வருடம் வைத்திருந்ததைச் சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்தது. "கேரிஸுக்கு அண்டைக்கு வருத்தம் வந்தது என்னாலதான். அம்மாளாச்சி திருநீறு தந்து மன்னிச்சவ. ஆனா எனக்கு மனம் ஆறேல்லை."

லீட்ஸில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அம்மா," என்றாள் தாரணி. "கேரிஸுக்கு அண்டைக்கு ஒரு வருத்தமும் இல்லை."

"குரல் அடைச்சது அப்பா கேட்டவர்!"

"அது நடிப்பு. அவ நடிக்கிற ஆள்தானே. கொம்பனியை விட்டுப் போகேக்கைதான் எனக்குச் சொன்னவ. இது எங்கட வேலையில இருக்கிற ஒரு வழக்கம் அம்மா. மாத்துப் பிள்ளை நல்லாப் பாடுவாள், ஒருத்தரும் கேட்டதில்லை எண்டால், முக்கியமான ஆக்கள் வாற நாளாப் பாத்து பெரிய பாத்திரக்காரிக்குத் தொண்டை அடைக்கும். ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை. அவவுக்கும் முந்தி ஒராள் அப்பிடிச் செய்தவவாம். நீங்கள் நட்சத்திரம் கேட்ட உடனே அவவுக்கு அழுகையும் சிரிப்பும் வந்து, உண்மையைச் சொல்லவும் ஏலாமல் இருந்தவவாம்."

பரமேஸுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"அப்ப நான் பட்டினி கிடந்தது? ஐயர் வேல்ஸுக்குக் கோத்திரம் பாத்தது?"

தாரணி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னாள். "அம்மா, எனக்கும் வாற கிழமை தொண்டை அடைக்கப் போகுது."

"ரூத்துக்குச் சொல்லிப்போட்டியோ?"

"சொல்லக் கூடாது. சொன்னால் அவள் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டு பாடுவாள். அப்பிடிப் பாட ஏலாது. தன்ர இடம் எண்டு நினைச்சுப் பாட வேணும்."

"தாயிட்டயாவது?"

"தாய்க்குத் தெரிஞ்சால் மகளுக்குத் தெரியாமல் இருக்குமோ?"

தாரணி ஒத்திகைக்குப் போய்விட்டாள். பரமேஸ் போனை வைத்துவிட்டு அதன் மேலே கையை வைத்தபடியே நின்றாள்.

"பாவம் ரூத்தின்ர தாய்," என்றாள். "இனி என்னைப் போல எத்தினை நாளைக்கு நித்திரை கொள்ளாதோ."